பெயர் எழுதாத உறையில் குளிசை தந்தால் வாங்காதீர்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வயதான அம்மா அப்பாவோடு இருக்கிற எல்லாரும் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் நோ கூடிப்போய் படியேற முடியாமல் இருந்தது. பக்கத்தில் இருக்கிற டொக்டரிடம் காட்டினோம், டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு ஒவ்வொன்று, 5 நாளைக்கு என்று துண்டு எழுதித் தந்தார். அம்மா பிரஷருக்கு லோசார்டானும் ஒரு தண்ணிக் குளிசையும் (சலத்தைக் கூடப் போக வைக்கிறது) போடுகிறவர். அதை டொக்டரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இந்தப் பிழையில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

துண்டைக் கொண்டு காலி வீதியில் ஒரு பாமசிக்கு அம்மாவே போனார். 50 இல்லை என்று உள்ளே போன பெடியன் வேறொன்றை எடுத்து வந்து, "அதே மருந்துதான் அம்மா, வேற கம்பனி" என்று அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். உறையின் மேல் பேனையால் 1 – 1 என்று மட்டும். மருந்தின் பெயர் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, பில்லும் இல்லை.

அவன் கொடுத்தது 100 மில்லிகிராம் எஸ்.ஆர்., அதாவது மெதுவாகக் கரைகிற வகை. அதை ஒரு நாளைக்கு ஒன்றுதான் போடுவது வழக்கம். டைக்ளோஃபெனாக் எந்த வகையானாலும் பெரியவர்களுக்கு ஒரு நாள் எல்லை 150 மில்லிகிராம். டொக்டர் எழுதியது 100, அம்மா போட்டது 200. அதுவும் எப்படிப் போட்டார் தெரியுமா, பெரிய குளிசை விழுங்கக் கஷ்டம் என்று பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி. எஸ்.ஆர். குளிசையை உடைத்தால் நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்க வேண்டிய மருந்து சட்டென்று இறங்கிவிடும். இது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தானே பாமசியில் படித்த ஒருவர் இருக்க வேண்டும்.

5 நாள் முடிந்தது. நோ குறைந்தது நல்லதுதானே என்று அம்மா வெறும் உறையைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட, துண்டு கூடக் கேட்காமல் அதே இடத்தில் இன்னும் 20 குளிசை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை.

பதினோராவது நாள் கால் இரண்டும் வீங்கியிருந்தது. சலம் சரியாகப் போகவில்லை. வயிற்றெரிவு என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அன்று இரவு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போன பிறகுதான் என்னிடமே சொன்னார். 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வார்டில் டொக்டர் முதலில் கேட்டது, "என்ன குளிசை போடுறவா?" என்று. நான் உறையை நீட்டினேன். அவர் உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டினார், எல்லாம் வெட்டின அரைத் துண்டுகள், ஒன்றிலும் வாசிக்க எழுத்து இல்லை. நோவுக்குப் போடுகிறது என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, டொக்டர் எழுதின துண்டும் பாமசியிலேயே தங்கிவிட்டது. விடியும் வரை காத்திருந்து, கடை திறந்ததும் ஓட்டோவில் போய், அந்தப் பெட்டியைப் போனில் படம் எடுத்துக் கொண்டு வந்து காட்டினேன்.

இரத்தம் சோதித்ததில் கிரியேற்றினின் ஏறியிருந்தது, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. டொக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த வகைப் பெயின் கில்லர் சிறுநீரகத்துக்குள் இரத்தம் வருகிற வழியைச் சுருக்கும், லோசார்டான் உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் குறைக்கும், தண்ணிக் குளிசை உடம்பின் நீரைக் குறைக்கும், மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் போதாமல் போய்விடும். கறுப்பு மலம் வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்ததால். இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு, பாரிசவாதம் வந்தவர்களுக்கு இந்த மருந்து கொடுக்கவே கூடாதாம். 6 நாள் வார்டில் இருந்தார், கடவுள் புண்ணியத்தில் சிறுநீரகம் திரும்பி வந்தது. இப்போது நோவுக்கு பனடோல் மட்டும்தான். அதுவும் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு 8க்கு மேல் யாருமே போடக் கூடாது, அம்மாவுக்கு 6 போதும் என்றார்.

பாமசி முதலாளியிடம் கேட்டேன். "டொக்டர்ட எழுத்து விளங்கேல்ல" என்றார். அப்புறம் இரண்டாம் முறை துண்டில்லாமல் ஏன் கொடுத்தீர்கள் என்றால், "உங்கட அம்மாதானே கேட்டு அனுப்பினவா." மருந்தாளர் எங்கே என்றால் பின்னேரம்தான் வருவாராம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு உறையின் படத்தோடு எழுதியிருக்கிறேன். பில் இல்லாததால் என் கையில் இருக்கிற சாட்சி அந்த உறை ஒன்றுதான்.

நீங்கள் வாங்கும்போது அட்டையோடு கேளுங்கள். வெட்டித்தான் தருவார்கள் என்றால் பெயரும் மில்லிகிராமும் உள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லி, துண்டில் இருப்பதோடு கவுண்டரிலேயே வைத்து ஒத்துப் பாருங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. வேற கம்பனி என்றால் மில்லிகிராமும் அதேதானா என்று கேளுங்கள். பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசைகளின் பெயரைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பெயரில்லாத உறையில் 1 – 1 என்று மட்டும் எழுதின நோவுக் குளிசை உங்கள் வீட்டு மேசையிலும் இருந்தால், இன்று இரவு போடுவதற்கு முதல் அதை ஒரு டொக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.