1590இல் ஒரு திருமணம்: 'ஷேடோ ஆஃப் நைட்'

முத்தொகுதி நாவல்களின் இரண்டாம் பாகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் எழும். முதல் பாகத்தின் புதுமை தீர்ந்திருக்கும். முடிவோ மூன்றாம் பாகத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். இடையில் கதைமாந்தர்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருப்பார்கள். டெபோரா ஹார்க்னெஸின் 'ஆல் சோல்ஸ்' வரிசையில் 2012இல் வெளிவந்த 'ஷேடோ ஆஃப் நைட்' நாவலிலும் அலைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அலைச்சலில்தான் டயானாவும் மேத்யூவும் உண்மையிலேயே கணவன் மனைவி ஆகிறார்கள் என்பதால், மூன்று பாகங்களில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

டயானா ஒரு சூனியக்காரி. ரசவாத வரலாற்றை ஆய்வுசெய்பவளும்கூட. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் 'ஆஷ்மோல் 782' என்ற மந்திரச் சுவடி அவள் கைக்கு வந்ததில் தொடங்கிய சிக்கல், ரத்தக்காட்டேரியான மேத்யூவுடன் அவளைக் காலம் கடக்க வைத்து, 1590ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவளுக்கு மந்திரம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அந்தச் சுவடியையும் தேட வேண்டும்.

ஹார்க்னெஸ் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர். எலிசபெத் காலத்து லண்டனின் அறிவியல் முயற்சிகளைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். அந்தப் படிப்பை அவர் நாயகியின் கர்வபங்கத்துக்குப் பயன்படுத்தியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தைப் பற்றி வகுப்பெடுக்கக்கூடிய டயானாவால், அந்தக் காலத்து உடையைத் துணையின்றி அணிய முடியவில்லை. இறகுப் பேனாவைப் பிடித்து ஒரு வரி எழுதத் திணறுகிறாள். அவள் பேச்சே அவளை அந்நியள் என்று காட்டிக்கொடுக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இத்தனை நுணுக்கமாகக் காட்டிய காலப்பயணக் கதையை நான் வேறு படித்ததில்லை.

அவளுக்குத் தெரியாத இன்னொன்று அவள் கணவன். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒருவனை மணப்பதென்றால் அவனுடைய பழைய நட்புகளையும் பாவங்களையும் சேர்த்தே மணக்க வேண்டியிருக்கிறது. இங்கே அவன் அரசியின் ஒற்றன். அவன்மீது ஒருதலைக் காதல் கொண்ட நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ, டயானாவைக் கண்ட நாள் முதலே வெறுக்கிறான்.

நாவலின் உயிர், பிரான்சில் உள்ள செப்துர் கோட்டைக்கு அவர்கள் செல்லும் பகுதியில் இருக்கிறது. மேத்யூவின் தந்தை, நிகழ்காலத்தில் உயிரோடு இல்லாத ஃபிலிப், அங்கே கம்பீரமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். அவர் எப்படி இறக்கப்போகிறார் என்பதை அறிந்த மகன், அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். மருமகளை ஃபிலிப் சோதிக்கிறார், சீண்டுகிறார், பிறகு மகளாகவே ஏற்றுக்கொள்கிறார். காதல் கதைகளில் மாமனார் பாத்திரத்துக்கு இத்தனை கனம் அமைவது அபூர்வம்.

லண்டன் பகுதியில், முதிய சூனியக்காரி குடி ஆல்சப்பிடம் டயானா முடிச்சுகள் வழியாக மந்திரம் கற்கும் காட்சிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் வால்டர் ராலே, ஜார்ஜ் சாப்மன், தாமஸ் ஹாரியட், மேரி சிட்னி என்று வரலாற்றில் பெயர்பெற்றவர்கள் அணிவகுத்து வரும்போது, சிலர் பெயரளவிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ 580 பக்கங்களில் நூறு பக்கங்களைக் குறைத்திருந்தால் நாவல் இன்னும் இறுகியிருக்கும்.

பிராக் நகரில் நிலைமை நேர்மாறு. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1583இல் தம் அரசவையை அங்கே மாற்றிக்கொண்டு, ரசவாதிகளையும் அரும்பொருள்களையும் தம்மைச் சுற்றிச் சேர்த்துவைத்திருந்தவர். அப்படிப்பட்ட மனிதரின் அரண்மனையில், சுவடிக்கான தேடல் சூடுபிடிக்கும் வேளையில், கதை அவசர அவசரமாக நகர்ந்துவிடுகிறது. முதல் பகுதியில் உணவுமேசைப் பேச்சுக்குக் கிடைத்த இடத்தில் பாதி இங்கே கிடைத்திருக்கலாம்.

பகுதிகளுக்கு இடையே நிகழ்காலத்துக்குத் திரும்பும் சிறு அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விட வேண்டாம். தம்பதியர் அங்கே விட்டுவந்த தடயங்கள் நானூறு ஆண்டுகள் கடந்து இங்கே ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. முதல் பாகத்தைப் படிக்காதவர்களுக்கு இது புரியாது; படித்து முடித்த சூட்டோடு தொடங்குவது நல்லது. நான் முடித்ததும் மூன்றாம் பாகத்தை எடுக்கவில்லை. ஃபிலிப்பிடம் விடைபெறும் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அதை மறுபடி ஒருமுறை படித்தேன்.