வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்த உலகப் படங்கள்: பல வருட ப்ளூரே அனுபவம்

ஓடிடியில்தான் எல்லாம் கிடைக்கிறதே, ப்ளூரே டிஸ்க் எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். எல்லாம் கிடைப்பதில்லை. உரிமம் முடிந்தால் படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்கள். அதிலும் 1960க்கு முந்தைய ஜப்பானியப் படமோ இத்தாலியப் படமோ என்றால், எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்றே தெரியாது. கோடு விழுந்து வெளிறிப்போன பிரதியைப் பார்த்துவிட்டு, “உலக சினிமான்னா இவ்வளவுதானா” என்று ஒருவர் ஒதுங்கிப்போனால் எனக்கு மனசு கேட்காது. அதனால் எந்தப் படம் என்று சொல்லும்போதே எந்தப் பதிப்பு என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது சத்யஜித் ராயின் அபு வரிசை: பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபூர் சன்சார் (1959). 1993இல் லண்டனில் ஒரு பிலிம் லேபில் பிடித்த தீயில் இவற்றின் மூல நெகட்டிவ்கள், அதாவது கேமராவில் பதிவான அசல் பிலிம்கள், கருகிப்போயின. மிஞ்சியதைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவின் அகாடமி ஆவணக்காப்பகம் பாதுகாத்து வைத்தது. பின்னாளில் இத்தாலியின் பொலோன்யா நகரத்து லேபில், காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த பிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, பழைய பசையையும் டேப்பையும் உரித்து, ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்தார்கள். பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மீதியை வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். 2015இல் வந்த அந்தச் சீரமைப்பைத்தான் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது.

என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். பதேர் பாஞ்சாலியில் அபுவின் அக்கா துர்கா இறந்த பிறகு, அவள் திருடி ஒளித்துவைத்த பாசிமணி மாலை அபுவின் கையில் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய்க் குளத்தில் எறிகிறான். நீர்ப்பாசி விலகி, பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. பழைய டிவிடியில் அது வெறும் சாம்பல் திட்டு. இந்தப் பதிப்பில் பாசி இலைகள் நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சேர்வது தெரிகிறது. அக்காவின் ரகசியத்தைத் தம்பி காப்பாற்றிவிட்டான் என்பதை அந்த இலைகள்தான் சொல்கின்றன. ஒலியும் அப்படித்தான். மகளுக்காக வாங்கிவந்த புடவையை அப்பா ஹரிஹர் நீட்டும்போது அம்மா சர்வஜயா கதறுவாளே, அங்கே அவள் குரல் கேட்காது. வில்லால் வாசிக்கும் தார் ஷெனாய் என்ற நரம்புக் கருவி மட்டும் வீறிட்டு எழும். நல்ல ஸ்பீக்கரில் ஒரு தடவையாவது கேளுங்கள்.

அடுத்து ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் டோக்கியோ ஸ்டோரி (1953). இதன் மூல நெகட்டிவும் தீயில் போனதுதான். அதனால் எவ்வளவு நல்ல சீரமைப்பானாலும் படம் கொஞ்சம் கூர்மை குறைந்தே இருக்கும், டிஸ்கில் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இருப்பதில், படத்தைத் தயாரித்த ஷோசிகு நிறுவனத்தின் 4கே (மிக நுண்ணிய தெளிவுள்ள) சீரமைப்பிலிருந்து வந்த பதிப்பே நல்லது. பார்க்கப் பார்க்க மாறிக்கொண்டே இருக்கும் படம் இது. முதலில் எல்லாருக்கும் பிடிப்பது நொரிகோ, அந்த விதவை மருமகள். எனக்கோ, வருஷம் போகப்போக, மூத்த மகள் ஷிகே மீதுதான் கண் போகிறது. பியூட்டி பார்லர் நடத்துகிறவள், வெடுக்கென்று பேசுகிறவள். அம்மா இறந்ததும் வாய்விட்டு அழுகிறாள். இறுதிச்சடங்கு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் உடுப்பில் எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கிறாள். துக்க வீட்டில் நகைப் பேச்சு எடுக்கும் அத்தைகளை நாம் பார்த்ததில்லையா? அந்த அழுகையும் நிஜம், கேட்டதும் நிஜம். இரண்டையும் ஓசு ஒரே தட்டில் வைக்கிறார், யாரையும் திட்டுவதில்லை.

ஃப்ரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் மௌனப் படம் மெட்ரோபோலிஸ் (1927) வாங்குகிறவர்கள் அட்டையில் நிமிடக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். 2008இல் பியூனோஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு 16 மிமீ பிரதி கிடைத்தது. பல பத்தாண்டுகளாகக் காணாமல்போயிருந்த சுமார் 25 நிமிடக் காட்சிகள் அதில் இருந்தன. அவற்றைச் சேர்த்து 2010இல் வந்த பதிப்பு கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். புதிதாகச் சேர்ந்த இடங்களில் கீறல் அதிகம்தான், ஆனால் கதை இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. அகிரா குரோசவாவின் ஜப்பானியப் படம் செவன் சாமுராய்க்கும் (1954) இதே எச்சரிக்கை. 207 நிமிடம் இருந்தால் எடுங்கள், குறைந்தால் வெட்டிய பதிப்பு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹோம் (1987). நண்பனின் நோட்டைத் தவறுதலாக எடுத்துவந்த பையன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான், கதையே அவ்வளவுதான். சப்டைட்டில் வாசிக்கத் தெரியாத வாண்டுகளும் அசையாமல் பார்ப்பார்கள்.

நம் ஊர்த் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. நடனக் கலைஞர் உதயசங்கரின் கல்பனா (1948) சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம், பத்மினி திரைக்கு வந்ததும் இதில்தான். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி, பழைய உலகப் படங்களை மீட்கத் தொடங்கிய வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட் இதை மீட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. அந்தப் பெயரில் கிரைட்டீரியன் வெளியிடும் டிஸ்க் பெட்டிகளில் நான்காவதில் இருக்கிறது. கதை அங்கங்கே தள்ளாடும், ஆனால் நடனக் காட்சிகளுக்காகவே பெட்டியை வாங்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான பிரிவு. ப்ளூரேயில் இந்தியா சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. கிரைட்டீரியனின் அமெரிக்க டிஸ்க்குகள் பெரும்பாலும் ஏ பூட்டோடு வருகின்றன, இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. அதனால் எல்லா ரீஜனும் ஓடும் மல்டி ரீஜன் பிளேயருக்கு முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு ரீஜனே கிடையாது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் ஒரிஜினல் என்று சொல்லி அனுப்பிய டிவிடியின் அடிப்பக்கம் ஊதாவாக இருந்தது. ஊதா என்றால் கம்ப்யூட்டரில் ரைட் பண்ணிய நகல், கம்பெனியில் அச்சடித்தது வெள்ளியாக மின்னும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பெரிய எதிரி ஈரம். டிஸ்க்கை விடப் பெட்டிக்குள் இருக்கும் புத்தகம்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். நிமிர்த்தி அடுக்கி, தட்டுக்குத் தட்டு சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெட்டி பெட்டியாக ஆர்டர் போட வேண்டாம். அபு வரிசையை வாங்கி, மூன்றையும் வரிசை மாறாமல் பாருங்கள். பிறகு ஓசு. செவன் சாமுராய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை முழுதாக ஒதுக்குங்கள், காபி போட எழுந்திருக்கப் படத்திலேயே இடைவேளை உண்டு.