எரிமலைக்குச் சாட்சி: சிர்கோனா, அப்படைட்டா, மொனசைட்டா?

மழை விட்ட மறுநாள் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஏதாவது ஓடையில் ஒரு பிடி மணலை அள்ளி, தட்டில் தண்ணீர் விட்டுச் சாய்த்துச் சாய்த்து அலசிப் பாருங்கள். வெள்ளை மணல் ஓடிவிடும், கனத்த பொடி அடியில் தங்கும். பழைய எரிமலைகளைத் தேடுகிறவர்களுக்கு வேண்டியது அந்தப் பொடிதான். மணற்பாறையை இடித்தாலும் இதே வேலைதான். எரிமலை தேய்ந்து காணாமல் போயிருக்கும். அது கக்கிய மணிகள், அதாவது சிறு கனிமத் துகள்கள், படிவுப் பாறைக்குள் கிடக்கும். மணிக்குள் எவ்வளவு யுரேனியம் ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்து வயது சொல்லலாம். சரி, சிர்கோன், அப்படைட், மொனசைட் என்ற மூன்று கனிமங்களில் எந்த மணியை நம்புவது?

என் கை முதலில் சிர்கோனுக்குத்தான் போகும். உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் அநேகமாகப் பிறகு விளைந்தது. நாலு ஆறு உருட்டினாலும் லேசில் தேயாது. சிக்கல் என்னவென்றால், ஆழத்திலேயே இறுகிய கிரானைட்டும் சிர்கோன் தரும். ஊசிபோல் நீண்டு, முனை மழுங்காமல், உள்ளே கண்ணாடித் துளி சிக்கியிருந்தால் எரிமலைப் பக்கம் சந்தேகம் வலுக்கும். பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையின் குழம்பில் சிர்கோன் கிடைப்பது அரிது. சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான தக்காணத்தின் பசால்ட் லாவாவுக்கு வயது பார்த்தபோதும், அடுக்குகளுக்கு இடையில் வந்து விழுந்த சாம்பலின் சிர்கோனைத்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருந்தது.

அப்படைட் பசால்ட்டிலும் இருக்கும், அது பெரிய வசதி. ஆனால் மென்மையானது, அமில மண்ணில் கரையும். தேயிலைக்கு எப்பாவலயில் தோண்டும் பொஸ்பேட் போடுகிறோமே, அது அப்படைட்தான். நம் புளித்த மண் அதைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கிறது. உரத்துக்கு நல்ல குணம், சாட்சிக்கு ஆகாது.

மொனசைட் வேறு ஊர்களில் எப்படியோ, மலையகத்தில் உதவாது. நம் காலடியில் உள்ள கொண்டலைட், குவார்ட்சைட் என்ற பாறைகள் ஒரு காலத்தில் சேறும் மணலும். 55–60 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஆழத்தில் வெந்தன. கண்டிப் பக்கம் சில இடங்களில் சூடு 900 பாகை செல்சியஸைத் தாண்டியது. அதில் மொனசைட் புதிதாக முளைத்தது, பழையதும் பெரும்பாலும் தன் வயதை மறந்தது. வெந்த நாளைக் கேட்டால் சொல்லும். அதற்கு முந்திய எரிமலையைக் கேட்டால் வாய் திறக்காது.

சிர்கோனும் முழுசாகத் தப்பவில்லை, மேலே புதுத் தோல் போர்த்திக்கொண்டது. ஆனாலும் பல மணிகளின் நடுக்கரு அப்படியே இருக்கிறது. 200 கோடி ஆண்டுக்கு மேல் காட்டும். வயது பார்க்க மணியில் லேசர் போடும் குழி 30 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) அகலம் என்று வையுங்கள். கரு அதைவிடச் சிறிதாக இருந்தால் தோலும் சேர்ந்து சுடப்படும். அப்போது இரண்டும் கலந்து கிடைக்கும் வயதில் எந்த எரிமலையும் வெடித்திருக்காது.