காலிப்பர் படத்தை நம்பாதீர்கள்: 185 பவுண்ட் போச்சு

வயிறு எரிகிறது, அதனால் கோர்வையாக வராது.

பழைய ராணுவப் பொருள் விற்கும் ஒரு பிரிட்டிஷ் ஆன்லைன் சந்தை. "1940 பிரிட்டன் வான்போர், ஸ்பிட்ஃபயர் ஹிஸ்பானோ தோட்டா, 20×110, மருந்து நீக்கியது" என்று விளம்பரம். அதாவது ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ஹிஸ்பானோ பீரங்கிக்கான தோட்டா, 20 மி.மீ. விட்டம், 110 மி.மீ. கூட்டு நீளம். விலை 185 பவுண்ட். வந்தது கப்பல்களில் வைக்கும் ஓர்லிகான் பீரங்கியின் காலிக் கூடு (மருந்து இருக்கும் உலோகக் குழல்). குண்டு இருக்க வேண்டிய வாயில் செருகியிருந்தது லேத்தில் கடைந்து பெயின்ட் அடித்த அலுமினியத் துண்டு. காந்தம் ஒட்டவே இல்லை. அசல் குண்டின் உடல் எஃகு.

பணம் போடுமுன் கூட்டின் நீளத்தை அளந்து காட்டச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் காலிப்பர் (அளவுகருவி) வைத்த படம் வந்தது, சரியாக 110. அந்தப் படத்தில்தான் விழுந்தேன். ஹிஸ்பானோ, ஓர்லிகான் இரண்டுக்குமே கூட்டு நீளம் 110 மி.மீ.தான்! கேட்டிருக்க வேண்டியது கூட்டின் அடியிலுள்ள விளிம்பின் அளவு. ஹிஸ்பானோவில் விளிம்பும் அடிப்பாகமும் ஏறக்குறைய ஒரே அகலம், 25 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஓர்லிகானில் அடிப்பாகம் அதே அளவு, விளிம்பு மட்டும் உள்வாங்கிச் சுமார் 22. காரணம் பீரங்கியின் இயக்கம். ஓர்லிகானில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) முன்னோக்கி ஓடும்போதே பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிக்கும். அந்த நேரத்தில் கூடு முழுக்க அறைக்குள் இருக்க வேண்டும், போல்ட்டின் தலையும் பின்னாலேயே உள்ளே போக வேண்டும். கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கிக்கும் இடம் வேண்டுமே, அதனால்தான் விளிம்பு சிறுத்திருக்கிறது. ஹிஸ்பானோவில் போல்ட் பூட்டிக்கொண்ட பிறகே வெடிப்பு, அந்தத் தேவை இல்லை.

தோளைப் பார்த்தாலும் தெரிந்திருக்கும். ஹிஸ்பானோ கூட்டில் கழுத்துக்குக் கீழே தோள் உண்டு, ஓர்லிகான் கூம்பு மாதிரி நேராகச் சரிந்து போகும். விளம்பரப் படங்கள் எல்லாம் முனையைக் கேமராவுக்கு நேரே நீட்டி எடுத்தவை, தோள் எப்படித் தெரியும்? கூட்டின் அடியில் 1943 என்று முத்திரை வேறு. 1940 கோடையில் ஹிஸ்பானோ பொருத்திய ஸ்பிட்ஃபயர்களை வைத்துச் சண்டை போட்டது பிரிட்டிஷ் விமானப்படையின் 19ஆம் ஸ்குவாட்ரன். அதுவும் பீரங்கி அடிக்கடி சிக்கிக்கொண்டதால் செப்டம்பரில் விமானங்களையே மாற்றிக்கொண்டார்கள். "வான்போர்த் தோட்டா" என்றதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையதும்தான்.

விற்றவரின் முதல் பதில்: "நீங்கள் அளந்தது தப்பு." படம் அனுப்பினேன். "இரண்டும் 20×110தானே, என்ன வித்தியாசம்?" 1943 எப்படி வந்தது என்றால், "1940 என்பது மாடல்." பிறகு பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், "விளம்பரத்தில் சொன்ன விட்டமும் நீளமும் பொருந்துகின்றன, புகார் முடிக்கப்பட்டது." 185 பவுண்டுக்கு அந்த ஒரு வரி!

விரிவான வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது முடியாது. அவசரத்துக்கு: விளிம்பு அளவு, அடி முத்திரை, பக்கவாட்டுப் படம் மூன்றும் வராமல் பணம் போடாதீர்கள். குண்டைச் சுற்றியுள்ள செப்புப் பட்டையில் சுழல் கீறல் இருந்தால் அது ஏற்கெனவே சுட்ட குண்டு, வேறு கூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். வண்ணத்தை நம்பாதீர்கள், பெயின்ட் டப்பா எல்லாரிடமும் இருக்கிறது. கூட்டில் துளை இருந்தால் உள்ளே மருந்து இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், முனையிலுள்ள குண்டும் அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸும் காலி என்று அர்த்தமில்லை. பிரைமரில் அடிபட்ட குழியும் சான்று இல்லை, வெடிக்காமல் போனதிலும் அது இருக்கும். சந்தேகம் வந்தால் திருகாதீர்கள், துளைக்காதீர்கள், வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள்.