ஸ்விஃப்ட்டுக்கு கேப்ரியல் ஷாக் அப்சார்பர்: வீட்டு வாசலிலேயே மாட்டினோம்

வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் வேகத்தடையில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று அடிக்க ஆரம்பித்தது. கேப்ரியல் கம்பெனியின் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கி, தம்பியுடன் சேர்ந்து வாசலிலேயே மாட்டினேன்.

கழற்றிய பழையதைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. உள்ளே போய் வரும் கம்பியான ராடைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் பிசினாக அப்பியிருந்தன. ஒரு கையால் அழுத்தினாலே தடையில்லாமல் உள்ளே போனது. புதியதை அழுத்த நன்றாகவே பலம் கொடுக்க வேண்டியிருந்தது.

சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டும் துருவேறி இறுகியிருந்தன. முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்ததால் அசைந்தன. நான் பயந்த இடம், ஷாக் அப்சார்பரைச் சுற்றி அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கம் மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஸ்பிரிங் தளர்ந்து ஆடிய பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் தெறித்து ஆளையே அடித்துவிடும். கம்ப்ரஸர் இல்லையென்றால் தயவுசெய்து இந்த வேலையில் இறங்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

ஒரு குறை: கடையில் சேர்த்துக் கொடுத்த மவுன்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் பாகம்) மட்டமானது. 3 மாதத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது சத்தம் வந்து, அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். மவுன்ட்டும் பேரிங்கும் முதலிலேயே ஒரிஜினலாக வாங்கிவிடுங்கள்.

முதல் பக்கம் 3 மணி நேரம், அடுத்தது ஒன்றரை. மறுநாளே வீல் அலைன்மென்ட். இப்போது பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு முறை அமர்ந்து எழுகிறது, அவ்வளவுதான். பின்சீட்டில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்வதில்லை.