தாஷ்கண்டில் ஒரு மாத ஹாஸ்டல் வாசம்: கட்டிலுக்கு முன்னால் சீட்டைக் கேளுங்கள்

தாஷ்கண்டில் ஹாஸ்டல் படுக்கை ஒன்று இரவுக்குச் சுமார் 8 முதல் 12 டாலர். இரண்டு இரவு தங்கிவிட்டு சமர்கண்டுக்கு ரயில் ஏறுபவருக்கு எந்த ஹாஸ்டலும் ஒன்றுதான். விரிப்பு சுத்தமாக இருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். முன்பதிவுத் தளங்களில் படிக்கக் கிடைக்கும் மதிப்பீடுகளில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான். மூன்று, நான்கு வாரம் தங்கப்போகிறவருக்கு அவை பயன்படாது. பதிவுச் சீட்டு தருவார்களா, வெந்நீர் பாய்லர் எத்தனை லிட்டர், கழிவறைக்கு முற்றத்தைக் கடந்து போக வேண்டுமா என்று இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போங்கள். மெத்தையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சீட்டு. உஸ்பெகிஸ்தானுக்குள் வரும் வெளிநாட்டவர் மூன்று நாட்களுக்குள் தங்கும் இடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சோவியத் காலத்து மிச்சம். கெடுபிடி நிறையத் தளர்ந்திருந்தாலும் விதி போகவில்லை. உரிமம் பெற்ற ஹாஸ்டல்கள் ‘இ-மெஹ்மோன்’ என்ற அரசுக் கணினி முறையில் விருந்தாளியின் விவரத்தை ஏற்றுகின்றன. வரவேற்பில் இருப்பவர் பாஸ்போர்ட்டையும் நுழைவு முத்திரையையும் படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். சீட்டைச் சில இடங்களில் உடனே தருவார்கள், சில இடங்களில் கிளம்பும்போதுதான். ‘ரெகிஸ்ட்ராட்சியா’ என்ற ஒரு சொல் போதும், எல்லா வரவேற்பு மேசையிலும் புரியும்.

வம்பு வருவது இரண்டு இடத்தில். தளத்தில் ஹாஸ்டல் என்று போட்டிருக்கும், நேரில் போனால் யாரோ தன் அடுக்ககத்து வீட்டில் ஆறு இரண்டடுக்குக் கட்டில் போட்டிருப்பார். அவருக்கு இ-மெஹ்மோன் கணக்கே இருக்காது. இரவுக்கு இரண்டு டாலர் மிச்சம் என்று அங்கே ஒரு மாதம் தங்கினால் அந்த மாதம் முழுக்கக் கணக்கில் வராத மாதம். அபராதம் அந்த மிச்சத்தைப் பல மடங்கு விழுங்கிவிடும். முன்பதிவு செய்யும்போதே செய்தி அனுப்பிக் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று நம் பெயர். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்தவர்கள், குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டவர்கள், இனிஷியலோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்று தமிழ் பாஸ்போர்ட்டுகள் பல விதம். அங்கே தட்டச்சு செய்கிறவர் ‘ஃபமீலியா’, அதாவது குடும்பப் பெயர், எது என்று கேட்பார். மின்விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றச் சொல்லி, விசாத் தாளையே திரையருகே நீட்டிவிடுவது நல்லது. சீட்டு கையில் வந்ததும் பாஸ்போர்ட் எண்ணையும் இரண்டு தேதிகளையும் ஒரு முறை சரிபாருங்கள். எண்ணில் பூஜ்யமும் ஓ என்ற எழுத்தும் இடம் மாறுவது வழக்கமான பிழை. நடுவில் புகாரா, கீவா என்று சுற்றப் போனால் அந்த ஊர்ச் சீட்டுகளும், இரவு ரயிலில் போனால் பயணச்சீட்டும் சேர்ந்திருக்கட்டும். திரும்பி வந்ததும் தாஷ்கண்ட் ஹாஸ்டல் உங்களை மறுபடி பதிவு செய்ததா என்று கேட்டே ஆக வேண்டும். பெட்டி அங்கேயே இருந்ததால் பதிவும் அப்படியே இருக்கும் என்று இரு தரப்புமே நினைத்துக்கொள்வது உண்டு. இந்தியர்களுக்கான ஒருமுறை மின்விசாவில் 30 நாள்தான் கிடைக்கிறது என்பதால் நாள் கணக்கில் தளர்வுக்கு இடமே இல்லை.

சுற்றுலா வரி தனி. தளத்தில் காட்டும் விலையில் அது பல நேரம் சேர்ந்திருக்காது. இரவுக்கு இவ்வளவு என்று வந்த அன்றே கையில் கேட்பார்கள். ஓர் இரவுக்குச் சில்லறைதான், 28 இரவுக்குப் பெருக்கினால் கண்ணில் படும். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போக வேண்டாம், ரசீது கேட்டு வாங்கினால் போதும்.

இனி கட்டடம். லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தது 1966 ஜனவரியில். அதே ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி வந்த நிலநடுக்கம் நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. இன்று ஹாஸ்டல்கள் இரண்டு வகையாகப் பிரிந்து கிடப்பதற்கு வேர் அங்கேதான். தப்பிப் பிழைத்த பழைய நகரத்தில், சோர்சு சந்தையைச் சுற்றிய மஹல்லா என்ற குடியிருப்புகளில், நடுவே முற்றமும் சுற்றி அறைகளுமாக ‘ஹவ்லி’ வீடுகள். நிலநடுக்கத்துக்குப் பின் விரிந்த சோவியத் பகுதிகளில், சிலன்ஸார் போன்ற இடங்களில், நான்கைந்து மாடி அடுக்ககங்கள்.

ஹவ்லி பார்க்க அழகு. திராட்சைப் பந்தல், அதன் கீழ் தப்சான் என்ற அகன்ற மரத்திண்ணை, அதில் சம்மணமிட்டுத் தேநீர். செட்டிநாட்டு வளவில் வளர்ந்தவருக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் மண் சுவர் தடிமன், வைஃபை அறைக்கு அறை செத்துவிடும். வேலை செய்ய வருபவர்கள் ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ படுக்கை கேட்க வேண்டும். கழிவறையும் குளியலறையும் பெரும்பாலும் முற்றத்தின் மறுகோடியில். மே மாதத்தில் அது ஒரு குறையே இல்லை. ஜனவரியில் அதிகாலை மூன்று மணிக்குப் பனியில் செருப்பைத் தேடிக் கடக்கும்போதுதான் அதன் விலை தெரியும். அடுக்கக ஹாஸ்டலில் அழகு ஒன்றுமில்லை, லிஃப்டும் இருக்காது. 23 கிலோ பெட்டியை நான்கு மாடி தூக்க வேண்டும். ஆனால் மாநகர மையச் சூடாக்கத்தின் ரேடியேட்டர் எல்லா அறையிலும் ஓடும். என் தீர்ப்பு இது: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஹவ்லி, நவம்பர் முதல் மார்ச் வரை அடுக்ககம்.

வெந்நீர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்ட நாள் தங்குபவர்களின் புலம்பலில் பாதி இதைப் பற்றியதுதான். ஹவ்லி ஹாஸ்டல்களில் சுவரில் தொங்கும் மின் பாய்லர் 80 லிட்டர் அளவில் இருப்பது சகஜம். தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி. குளிப்பதற்கு 40 டிகிரியில் கலந்தால் மொத்தம் 130 லிட்டர் சொச்சம் கிடைக்கும். ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டினால் பதினாறு நிமிடம். அதாவது இரண்டு பேர், சிக்கனமானவர்கள் என்றால் மூன்று பேர். தீர்ந்த பிறகு 1.5 கிலோவாட் சுருள் மறுபடி சூடேற்ற மூன்று மணி நேரம் ஆகும். பத்துப் படுக்கைக்கு ஒரு பாய்லர் என்றால் காலை எட்டு மணிக்கு எழுபவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஆறரைக்கோ, எல்லாரும் வெளியே போன மத்தியானத்திலோ குளிப்பது ஒரு வழி. மையக் குழாய் வழி வெந்நீர் வரும் அடுக்ககங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கோடையில் பராமரிப்புக்காகச் சில நாள் முழுதாக நிறுத்திவிடுவார்கள். அதற்கென்று தனி பாய்லர் மாட்டியிருக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாளி, குவளை எதிர்பார்க்க வேண்டாம். கழிவறையில் நிலைமை நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை: முஸ்லிம் நாடு, தண்ணீர்ப் பழக்கம் உள்ளவர்கள். பல வீடுகளில் மூக்கு வைத்த ஜாடி ஒன்று, இப்போது பிளாஸ்டிக்கில், மூலையில் இருக்கும். காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடச் சொல்லி எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள். பழைய குழாய்கள் குறுகல், அடைத்துக்கொண்டால் மொத்த ஹாஸ்டலும் அவதிப்படும்.

குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து. ஹவ்லிகளைச் சூடாக்குவது எரிவாயு பாய்லர். கடுங்குளிரில் நகரமே எரிவாயுவை இழுக்கும்போது அழுத்தம் குறையும்; குறைந்தால் பாய்லர் தானாக அணையும், ரேடியேட்டர் ஆறிப்போகும். 2023 ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 20-ஐ நெருங்கியபோது வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் சேர்ந்தே தட்டுப்பாடு வந்தது. நகர மேயரின் பதவியே அதில் போனது. அப்படி நேரும்போது அறைக்கு ஒரு மின் ஹீட்டர் தருவார்கள். மூன்று அறையில் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கும் அறைக்குள்ளேயே எரிவாயு அடுப்பையோ பழைய வாயு ஹீட்டரையோ எரியவிடுவதைப் பொறுக்கக் கூடாது. அங்கே ‘இஸ் காஸி’ என்பார்கள், கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர் குடிக்கிறது. புகைபோக்கி வாயில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கப்பட்டால் சரி, அசையாமல் நின்றாலோ வெளியே தள்ளப்பட்டாலோ அந்த அறையில் படுக்காதீர்கள். தலைவலியும் குமட்டலும் அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கோடைக்கும் ஒரு பெயர் உண்டு: ‘சில்லா’, ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான சுமார் நாற்பது நாள். நம் அக்னி நட்சத்திரத்தின் அண்ணன். 40 டிகிரி சாதாரணம், ஆனால் வறண்ட வெயில், சென்னைப் புழுக்கம் இல்லை. கூட்டறையில் ஒரு ஏசி, ரிமோட் வரவேற்பு மேசையில். அனல் மேலே ஏறுவதால் மேல் கட்டிலுக்கும் கீழ் கட்டிலுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கீழ்ப் படுக்கையே கேளுங்கள்.

பிளக் விஷயம் சுருக்கமாக: 220 வோல்ட், உருண்டை இரு முனை. கைப்பேசி சார்ஜர் பொருந்தும், மடிக்கணினியின் மூன்று முனை இந்திய பிளக் பொருந்தாது. மாற்றி ஒன்றும் நீட்டிப்புப் பெட்டி ஒன்றும் கொண்டுபோனால் கூட்டறையில் உங்களுக்கு நண்பர்களுக்குக் குறைவிருக்காது.

காலை உணவு வாடகையில் சேர்ந்தே இருக்கும்: நோன் ரொட்டி, முட்டை, ஜாம், தேநீர், சில நாள் தொத்திறைச்சித் துண்டு. ஒரு வாரம் நன்றாயிருக்கும். அதற்கு மேல் சமையலறைதான் துணை. சோர்சு சந்தையில் ‘மோஷ்’ என்று கேட்டால் பாசிப்பயறு, ‘நோஹத்’ என்றால் கொண்டைக்கடலை, ‘ஸீரா’ என்றால் சீரகம். ‘கத்திக்’ நம் தயிரேதான், ‘சூஸ்மா’ அதை வடிகட்டிய கெட்டி. தயிர்ச்சோற்றுக்கு ஒரு தடையும் இல்லை. துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலையை எதிர்பார்க்காதீர்கள். சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் பையில் இருக்கட்டும். சைவர்கள் வெளியே ‘ஓஷ்’ என்ற இறைச்சிப் புலாவ் சாப்பிடும்போது மேலே இருக்கும் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று ஏமாற வேண்டாம். அரிசி வெந்ததே ஆட்டுக் கொழுப்பிலும் இறைச்சி ரசத்திலும்தான். அசைவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓஷ் மத்தியானச் சாப்பாடு, இரண்டு மணிக்கு மேல் போனால் அண்டா காலி. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளை அழுக்கல்ல, சுண்ணாம்பு. வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் போய்விடும்.

கூட்டறையில் உங்களோடு இருப்பவர்கள் எல்லாரும் முதுகுப்பைப் பயணிகள் அல்ல. வெளியூரிலிருந்து மருத்துவத்துக்கு வந்தவர், விசா வேலையாக வந்தவர், வேலை தேடும் இளைஞர் என்று உள்ளூர்க்காரர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் ரஷ்யா ராணுவத்துக்கு ஆள்சேர்ப்பு அறிவித்தபோது ரஷ்யர்கள் வந்து குவிந்து படுக்கைகள் நிறைந்தன. பொதுவில் திருட்டுப் பயம் குறைவு, குறட்டைப் பயம் அதிகம். லாக்கருக்குப் பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். வாடகையை மாதமாக மொத்தமாகக் கொடுக்காமல் வாரமாகக் கொடுங்கள். ஒத்துவராத இடத்தை விட்டு நகரும் சுதந்திரம், மாதத் தள்ளுபடியைவிட மதிப்பானது.

பணம் டாலராக, மடிப்பும் பேனாக் கீறலும் இல்லாத நோட்டாக வேண்டும். 2017 செப்டம்பரில் நாணய மாற்று விகிதத்தைத் திறந்துவிட்டதிலிருந்து வங்கியில் மாற்றுவதுதான் லாபம், சந்து பேரத்துக்கு வேலையில்லை. உள்ளூர் நாணயமான சோமில் மிகப் பெரிய நோட்டு 2,00,000. சிறு கடைகளில் அதை நீட்டினால் முறைப்பார்கள்.

இடம் தேர்வதில் மெட்ரோ நடைதூரம் என்பதை விடாதீர்கள். முகவரியைத் தெருப்பெயரோடு சொன்னால் ஓட்டுநருக்கே புரியாது, ‘ஓரியன்டிர்’ கேட்பார், அதாவது பக்கத்தில் தெரிந்த அடையாளம் என்ன என்று. ஹாஸ்டல்காரரிடம் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, யாண்டெக்ஸ் செயலியில் புள்ளி வைத்துக் கூப்பிடுவது எளிது. ரயில் நிலையம் இரண்டு: ஷிமோலிய் என்றால் வடக்கு, ஜனூபிய் என்றால் தெற்கு. பயணச்சீட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று முந்தின இரவே பாருங்கள். ‘வக்ஸால்’ (ரயில் நிலையம்) என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் வடக்குக்குத்தான் கொண்டுபோவார்.

விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்திறங்கும் விமானங்கள் உண்டு. அறை கிடைப்பதோ மதியம் இரண்டு மணிக்கு. அதிகாலை மூன்று மணிக்கு வருபவர் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் தப்சானில் உட்கார்ந்திருக்கத் தயாராக வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான்: மதியம் பன்னிரண்டுக்கு அறையை விட்டுவிட்டு, பெட்டியை மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டு இரவு வரை சுற்றலாம், காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பதிவுச் சீட்டைப் பகலிலேயே வாங்கிவிடுங்கள். இரவுக் காவலுக்கு இருக்கும் பையனிடம் கதவுச் சாவி இருக்கும், இ-மெஹ்மோன் கடவுச்சொல் இருக்காது.