விசைப்படமா, லக்ராஞ்சியனா: முதலாண்டு இயக்கவியலில் எது முதலில்?

பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தவர்கள் இயக்கவியலில் முதலில் எந்த வழியைக் கைவசப்படுத்த வேண்டும் என்று கேட்டால், நியூட்டன் வழி என்றுதான் சொல்வேன். பொருளைத் தனியாகப் பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளையெல்லாம் அம்புக்குறிகளாக வரைந்து, பிறகு சமன்பாடு எழுதும் வழி அது. லக்ராஞ்ச் வழியில் விசைகள் வேண்டாம். இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து வருவதுதான் லக்ராஞ்சியன்; அதை வகையிட்டால் இயக்கச் சமன்பாடு வந்துவிடும். மாலை வகுப்பில் இரண்டு வரிசையிலும் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது விசைப்படத்தில்தான் தொடங்குகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். சரியாகச் செய்தால் இரண்டிலும் ஒரே விடைதான். லக்ராஞ்சுக்குப் பகுதி வகைக்கெழு தெரிந்திருக்க வேண்டும், விசைப்படத்துக்குப் பிளஸ் டூ கணக்கே பெரும்பாலும் போதும். நியூட்டனின் விதிகள் வெளிவந்தது 1687இல், லக்ராஞ்சின் நூல் 1788இல். தன் நூலில் படங்களே இருக்காது என்று லக்ராஞ்ச் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு அது பெருமை. தொடக்க மாணவருக்கோ அந்தப் படம்தான் வேண்டும் என்பது என் கட்சி.

லக்ராஞ்சின் பலம் எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். வழவழப்பான தரையில் தானும் நகரக்கூடிய ஓர் ஆப்பு, அதன் சாய்வில் உராய்வின்றிச் சறுக்கும் ஒரு கட்டை. விசைப்படத்தில் இதைச் செய்யும் மாணவர்கள், சாய்தளம் தரும் செங்குத்து விசையைக் கட்டையின் எடையோடு கோணத்தின் கொசைனைப் பெருக்கிப் பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆப்பு நகராமல் இருந்தால்தான் அது சரி. இரண்டின் நிறையும் சமம், கோணம் 30 டிகிரி என்றால், உண்மையான விசை அதில் 80 சதவீதம்தான். லக்ராஞ்ச் வழியில் இந்தக் குழி வராது. ஆப்பின் இடத்துக்கு ஓர் ஆயம் (இடத்தைக் குறிக்கும் மாறி), சாய்வில் கட்டையின் இடத்துக்கு ஓர் ஆயம், இரண்டு சமன்பாடு, வேலை முடிந்தது. கிடைமட்ட உந்தம் மாறாது என்பதும் கேட்காமலே வந்து நிற்கும். அழகான வழி, சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் நியூட்டன்? ஒரே காரணம்தான்: கட்டுப்பாட்டு விசைகள். கயிற்றின் இழுவிசை, தளம் தரும் செங்குத்து விசை, நழுவாமல் பிடித்துக்கொள்ளும் நிலை உராய்வு ஆகியவை. லக்ராஞ்ச் வழி சுருக்கமாக இருப்பதே இவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவதால்தான். ஆனால் கயிறு அறுமா, பொருள் தளத்தை விட்டு எழும்புமா, சக்கரம் வழுக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த விசைகளில்தான் இருக்கிறது.

உருளும் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி சாய்தளத்தில் ஒரு திண்மக் கோளமும் ஒரு மெல்லிய வளையமும். நழுவாமல் உருளும் என்ற கட்டுப்பாட்டை வைத்து லக்ராஞ்சியன் எழுதினால், கோளத்தின் முடுக்கம் 3.5 மீ/வி², வளையத்தினுடையது 2.45 மீ/வி². உராய்வு என்ற பேச்சே வரவில்லை, விடை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தளத்தில் அவை உண்மையில் உருளுமா? விசைப்படம் வரைந்தவருக்கு அது உடனே தெரியும். உருளத் தேவையான உராய்வு விசை ஒரு அம்பாகப் படத்தில் நிற்கிறது. அதைச் செங்குத்து விசையால் வகுத்தால் கோளத்துக்கு உராய்வுக் குணகம் குறைந்தது சுமார் 0.165 வேண்டும், வளையத்துக்குச் சுமார் 0.29 வேண்டும். தளத்தின் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். கோளம் உருளும், வளையம் வழுக்கும். நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் அதே குணகம் என்றால், வழுக்கும் வளையத்தின் முடுக்கம் ஏறத்தாழ 3.2 மீ/வி². லக்ராஞ்சியன் தந்த 2.45 அங்கே பொருந்தாது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. நாம் வைத்த கட்டுப்பாடுதான் அந்தத் தளத்தில் நிற்கவில்லை, அதைச் சொல்ல அந்தச் சமன்பாட்டுக்கு வழியில்லை.

அரைக்கோளக் கணக்கிலும் இதே கதை. வழவழப்பான அரைக்கோளத்தின் உச்சியிலிருந்து ஒரு துகள் மெல்லச் சறுக்கத் தொடங்குகிறது. கோணத்தை மட்டும் ஆயமாக வைத்து எழுதிய சமன்பாடு, துகளை அடிவரைக்கும் பரப்போடு ஒட்டியே கொண்டுபோகும். செங்குத்து விசை எங்கே சுழியாகிறது என்று பார்த்தவருக்குத்தான், உச்சியிலிருந்து சுமார் 48 டிகிரியில், அதாவது ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதுமே துகள் பரப்பை விட்டுவிடுகிறது என்று தெரியும்.

கட்டுப்பாட்டு விசைகளைக் காட்டும் கூடுதல் மாறிகளான லக்ராஞ்ச் பெருக்கிகளைச் சேர்த்தால் இந்த விசைகளும் கிடைக்குமே என்று ஒருவர் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் வந்த பெருக்கி இழுவிசையா, செங்குத்து விசையா, திருப்பு விசையா, எந்தத் திசையில் என்று புரிந்துகொள்ள விசைப்படம் மனதில் ஓட வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத மாணவர்கள் பெருக்கியை வெறும் எழுத்தாகவே கொண்டுபோய் விடைத்தாளில் வைத்துவிடுவதைப் பார்க்கிறேன்.

நியூட்டன் பக்கம் நான் சாய்வதெல்லாம் முதலாண்டு அளவுக்குத்தான். முப்பரிமாணத்தில் சுழலும் பம்பரம், இணைந்த அலைவுகள் போன்றவற்றை எம்.எஸ்சி. அளவில் நான் பாடம் எடுத்ததில்லை. அங்கே எந்த வரிசை நல்லது என்பதை அங்கே எடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். கணிதத்தில் நல்ல பிடிப்புள்ள சில மாணவர்கள் லக்ராஞ்சில் தொடங்கியே நன்றாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்களை வைத்து மொத்த வகுப்புக்கும் பொதுவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நெட் தேர்வின் பாடத்திட்டத்தில் லக்ராஞ்சியனும், அதையொட்டிய இன்னொரு ஆற்றல் வழியான ஹாமில்டோனியனும் இருக்கின்றன, ஆகவே தள்ளிப்போடலாமே தவிர விட்டுவிட முடியாது. விசைப்படம் கைக்கு வந்த பிறகு, நகரும் ஆப்பு, இரட்டைக் கப்பி, செங்குத்து விட்டத்தை அச்சாகக் கொண்டு சுழலும் வளையத்தில் கோத்த மணி, இந்த மூன்றையும் லக்ராஞ்சில் போடச் சொல்கிறேன். மூன்றாவது அந்த வழிக்கென்றே பிறந்தது போன்ற கணக்கு. 20 செ.மீ. ஆரமுள்ள வளையம் வினாடிக்கு 7 ரேடியனைத் தாண்டிச் சுழன்றால், மணிக்கு அடிப்புள்ளியில் நிலைக்க முடியாது. சின்ன அசைவு போதும், மேலே ஏறிவிடும். அது சில வரிகளில் வந்து விழும். முடித்ததும், அந்த மணியின்மேல் வளையம் எந்தத் திசையில் எவ்வளவு விசை தருகிறது என்று பக்கத்திலேயே படம் வரைந்து கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.